எல்லாமே ‘கேஸ்’ இல்லை: ஒரு மார்க் கேள்வியும் திருவள்ளூர் மாவட்டத்துத் தொழிற்சாலைகளும்

“அறை வெப்பநிலையில் திரவமாக இருக்கும் ஒரே அலோகம் எது?”

பள்ளியில் அறிவியல் படித்த எல்லோருக்கும் பழக்கமான ஒரு மார்க் கேள்வி இது. விடை, புரோமின். எழுதினால் மார்க் வந்துவிடும். பரீட்சை முடிந்ததும் மறந்துவிடலாம். மறந்தால் என்ன நஷ்டம் என்றுதான் பெரும்பாலானோர் நினைக்கிறார்கள்.

திருவள்ளூர் மாவட்டத்தில் வசிப்பவர்களுக்கு நஷ்டம் இருக்கிறது. சென்னை – திருப்பதி நெடுஞ்சாலையில், வாசீஸ்வரர் கோயிலால் அறியப்படும் திருப்பாச்சூரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் காக்களூர் சிட்கோ. இன்னொரு பக்கம் பூண்டி ஏரி. மேற்கே திருவாலங்காட்டில் சர்க்கரை ஆலை. அதே மாவட்டத்தின் வடகிழக்கு முனையில் கும்மிடிப்பூண்டி சிப்காட், அதன் உருக்காலைகள், உருட்டாலைகள், பக்கத்தில் தேர்வாய் கண்டிகை. பாடப்புத்தக அட்டவணையில் இருக்கும் அலோகங்கள் இங்கே சிலிண்டரிலும் டேங்கரிலும் சாக்கு மூட்டையிலும் ஊருக்குள் வந்து போகின்றன.

ஆனால் அவற்றைக் குறிக்க ஊர்ப் பேச்சில் இருப்பது ஒரே வார்த்தை: ‘கேஸ்’. சமையல் எரிவாயு கசிந்தாலும் ‘கேஸ் லீக்’, குளோரின் கசிந்தாலும் ‘கேஸ் லீக்’, வெல்டிங் பட்டறையில் இருக்கும் ஆர்கானும் ‘கேஸ்’தான். சிக்கலே இங்குதான் தொடங்குகிறது. மேலே போகும் வாயுவுக்கும் தரையில் படரும் வாயுவுக்கும் ஒரே பெயர் இருந்தால், எந்தப் பக்கம் ஓடணும் என்று எப்படித் தெரியும்?

17 பேர் கொண்ட குடும்பம்

முதலில் அடிப்படை. வழக்கமாக அலோகங்கள் என்று பட்டியலிடப்படுபவை 17 தனிமங்கள். அறை வெப்பநிலையில் அவற்றில் 11 வாயுக்கள்: ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்ஸிஜன், புளூரின், குளோரின், பிறகு ஹீலியம், நியான், ஆர்கான், கிரிப்டான், ஸீனான், ரேடான் ஆகிய ஆறு மந்த வாயுக்கள். ஒன்றே ஒன்று திரவம், அது புரோமின். மீதி ஐந்தும் திடப்பொருட்கள்: கார்பன், பாஸ்பரஸ், கந்தகம், செலினியம், அயோடின்.

இவற்றின் பொதுக் குணங்களும் புத்தகத்தில் இருக்கும். பளபளப்பு இல்லை. தட்டினால் தகடாகாது, நொறுங்கும். மின்சாரத்தையும் வெப்பத்தையும் சரியாகக் கடத்தாது. விதிவிலக்குகளும் உண்டு: பென்சிலுக்குள் இருக்கும் கிராஃபைட் மின்சாரம் கடத்தும், வைரம் ஜொலிக்கும், அயோடின் படிகம் மினுமினுக்கும்.

பாடம் இங்கே முடிந்துவிடுகிறது. ‘குளோரின் ஒரு வாயு’ என்று சொல்லிக்கொடுக்கும் பாடம், ‘அந்த வாயு காற்றைவிட 2.5 மடங்கு கனமானது, அதனால் பள்ளத்தில் போய்த் தேங்கும்’ என்பதையும் அதே மூச்சில் சொன்னால், அது மார்க்குக்கான தகவல் என்பதைத் தாண்டி உயிருக்கான தகவல் ஆகிவிடும்.

ஏன் சிலது வாயு, சிலது திடம்?

பொரியையும் பொரி உருண்டையையும் யோசித்துப் பாருங்கள். வெறும் பொரியைக் கையில் அள்ளி ஊதினால் பறந்துவிடும். வெல்லப்பாகு சேர்த்தால் அதே பொரி ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு உருண்டையாகிறது. பொரி மாறவில்லை, ஒட்டும் தன்மைதான் மாறியது.

நைட்ரஜன், ஆக்ஸிஜன், ஹைட்ரஜன் எல்லாம் இரண்டிரண்டு அணுக்கள் சேர்ந்த சின்னச் சின்ன மூலக்கூறுகள். ஒரு மூலக்கூறுக்குள் இருக்கும் இரண்டு அணுக்களும் இறுக்கமாகப் பிணைந்திருக்கும். ஆனால் ஒரு மூலக்கூறுக்கும் பக்கத்து மூலக்கூறுக்கும் நடுவே ஈர்ப்பு ரொம்பக் குறைவு. பாகு இல்லாத பொரி. சாதாரண வெப்பமே அவற்றைப் பிரித்துப் பறக்கவிடப் போதும்.

மூலக்கூறு பெரிதாகப் பெரிதாக இந்த ஈர்ப்பு கூடும். ஹாலஜன் குடும்பம் இதற்கு நல்ல உதாரணம். புளூரினும் குளோரினும் வாயு. அடுத்த பெரிய அண்ணன் புரோமின் திரவம். அதன் கொதிநிலை சுமார் 59 டிகிரி செல்சியஸ். அதைவிடப் பெரிய அயோடின் திடம். ஒரே குடும்பத்தில் மூன்று நிலைகள்!

கந்தகத்தில் எட்டு அணுக்கள் வளையமாகச் சேர்ந்து ஒரு மூலக்கூறு ஆகின்றன. அதனால் அது திடமாக இருந்தாலும் நொறுங்கக்கூடியது, 115 டிகிரி வாக்கில் உருகிவிடும். வைரம் வேறு ரகம். அதில் தனித்தனி மூலக்கூறே கிடையாது. ஒவ்வொரு கார்பன் அணுவும் நான்கு அணுக்களோடு நேரடியாகப் பிணைந்த ஒரே பெரிய வலை அது. அதனால்தான் அத்தனை கடினம்.

‘அறை வெப்பநிலை’ என்றால் எந்த அறை?

பாடப்புத்தகத்தில் அறை வெப்பநிலை என்பது பொதுவாக 25 டிகிரி. திருவள்ளூர் மாவட்டத்து மே மாதத்தில் 25 டிகிரியா? ஏசி அறைக்குள் இருந்தால் உண்டு. தமிழகத்தில் கோடையில் அதிக வெயில் பதிவாகும் இடங்களின் பட்டியலில் திருத்தணி அடிக்கடி வரும். 40 டிகிரியைத் தாண்டுவது அங்கே புதிதல்ல. தகரக் கூரை போட்ட பட்டறைக்குள் இன்னும் அதிகம்.

அந்த 15 டிகிரி வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை. சிலிண்டருக்குள் குளோரின் அழுத்தப்பட்டுத் திரவமாகத்தான் இருக்கும். 20 டிகிரியில் அதன் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போலச் சுமார் ஏழு மடங்கு. 40 டிகிரியில் சுமார் 11 மடங்கு. வெள்ளை பாஸ்பரஸ் ஈரக்காற்றில் சுமார் 30 டிகிரியிலேயே தானாகத் தீப்பிடிக்கக்கூடியது. அதனால்தான் தண்ணீருக்குள் வைக்கிறார்கள். 44 டிகிரியில் அது உருகியே விடும். புத்தகத்தில் ‘திடம்’ என்று போட்டிருக்கும் பொருள் திருத்தணி வெயிலில் திடமாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆக, ‘அறை வெப்பநிலையில்’ என்ற சொல்லையே உள்ளூர் வெயிலோடு சேர்த்துத்தான் படிக்கணும்.

குளோரின்: குடிதண்ணீருக்குள் இருக்கும் பழைய ஆயுதம்

1944-இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கம், கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே நிற்கிறது. அதிகாரபூர்வப் பெயர் சத்தியமூர்த்தி சாகர். கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. இங்கிருந்து போகும் தண்ணீர் புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வழியாகச் சுத்திகரிக்கப்பட்டுச் சென்னை வீடுகளுக்குப் போகிறது. அந்தச் சுத்திகரிப்பில் கிருமிகளைக் கொல்லும் கடைசிக் காவலாளி குளோரின். கிராமங்களில் இதே வேலையை பிளீச்சிங் பவுடர் செய்கிறது. மேல்நிலைத் தொட்டியில் அதைக் கலக்கும் டேங்க் ஆபரேட்டரை எல்லா ஊருக்கும் தெரியும்.

காலராவையும் வயிற்றுப்போக்கையும் தடுத்து எத்தனையோ உயிரைக் காப்பாற்றியது குளோரின். இதே குளோரினை முதல் உலகப்போரில், 1915 ஏப்ரல் 22 அன்று, பெல்ஜியத்தின் ஈப்ர நகருக்கு அருகே ஜெர்மன் ராணுவம் ஆயுதமாகத் திறந்துவிட்டது. காற்றைவிடக் கனமான அந்த மஞ்சள் பச்சை வாயு தரையோடு தரையாக நகர்ந்து பதுங்குகுழிகளுக்குள் இறங்கியது. குண்டுக்குப் பயந்து குழிக்குள் குனிந்தவர்களுக்கு அந்தக் குழியே எமனானது.

போரெல்லாம் பழைய கதை என்று விட்டுவிட முடியாது. 2010 ஜூலையில் மும்பை துறைமுகப் பகுதியின் சேவ்ரியில், ஆண்டுக்கணக்காகக் கேட்பாரற்றுக் கிடந்த பழைய குளோரின் சிலிண்டர்களில் ஒன்று கசிந்து 100-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். 2022 ஜூன் 27 அன்று ஜோர்டானின் அகாபா துறைமுகத்தில், கிரேன் தூக்கிய குளோரின் தொட்டி அறுந்து கப்பல் தளத்தில் விழுந்தது. மஞ்சள் மேகம் சில நொடிகளில் தளத்தை மூடியது. 13 பேர் இறந்தார்கள்.

சேவ்ரி சம்பவத்தைக் கும்மிடிப்பூண்டிக்காரர்கள் கூடுதல் கவனத்தோடு படிக்கணும். பழைய இரும்பை உருக்கிப் புது இரும்பாக்கும் ஊர் அது. பழைய இரும்பு வரும் இடத்தில் பழைய சிலிண்டரும் வரலாம். ‘காலி சிலிண்டர்தானே’ என்ற வார்த்தை ஆபத்தானது. குளோரினின் கொதிநிலை மைனஸ் 34 டிகிரி. அடியில் கொஞ்சம் திரவம் மிச்சமிருந்தாலே போதும், வெளியே வந்த கையோடு ஒரு லிட்டர் திரவம் 450 லிட்டருக்கும் மேல் வாயுவாக விரியும்.

தொழிற்சாலைப் பக்கமே போகாதவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. பிளீச்சிங் பவுடரையும் கழிவறை கழுவும் ஆசிட்டையும் ஒன்றாக ஊற்றித் தேய்த்தால் ‘டபுள் கிளீன்’ ஆகாது. குளோரின் வாயுதான் வரும், அதுவும் ஜன்னல் சின்னதாக இருக்கும் பாத்ரூமில்.

ஆக்ஸிஜன்: நல்லவன்தான், ஆனா…

2021-இல் ஆக்ஸிஜன் என்ற சொல் எல்லோர் வாயிலும் இருந்தது. அந்த ஆண்டு மே 14 அன்று, மேற்கு வங்கத்தின் துர்காபூரிலிருந்து 80 டன் திரவ ஆக்ஸிஜனோடு தமிழகத்துக்கான முதல் ‘ஆக்ஸிஜன் எக்ஸ்பிரஸ்’ ரயில் தண்டையார்பேட்டைக்கு வந்து சேர்ந்தது. காற்றில் 21 சதவீதம் ஆக்ஸிஜன் இருக்கும்போது அதை ஏன் ரயிலில் கொண்டுவரணும் என்று அப்போது பலரும் கேட்டார்கள்.

விடை இந்தப் பாடத்திலேயே இருக்கிறது. ஆக்ஸிஜன் அறை வெப்பநிலையில் வாயு. ஏகப்பட்ட இடம் அடைக்கும். மைனஸ் 183 டிகிரிக்குக் குளிர்வித்தால் திரவம். ஒரு லிட்டர் திரவ ஆக்ஸிஜன் 850 லிட்டருக்கும் மேல் வாயுவாகும். ஒரு டேங்கரில் ஒரு மருத்துவமனையையே ஏற்றிப்போகிற மாதிரி. ஆனால் அந்தக் குளிரைத் தாங்கும் டேங்கர்களின் எண்ணிக்கைதான் குறைவு. நாடு அன்று தவித்ததற்கு அந்தத் தட்டுப்பாடும் ஒரு முக்கியக் காரணம்.

அதே ஆண்டு ஏப்ரல் 21 அன்று நாசிக் நகரின் ஜாகிர் உசேன் மருத்துவமனையில் திரவ ஆக்ஸிஜன் தொட்டியில் கசிவு ஏற்பட்டது. வளாகம் முழுக்க வெள்ளை மேகம். வெளியே ஆக்ஸிஜன் வீணாகப் பரவிக்கொண்டிருக்க, உள்ளே குழாயில் அழுத்தம் குறைந்து 20-க்கும் மேற்பட்ட நோயாளிகள் இறந்தார்கள்.

பட்டறைகளில் ஆக்ஸிஜனுக்கு இன்னொரு முகம் உண்டு. ஆக்ஸிஜன் தானாக எரியாது. ஆனால் மற்றவற்றை வெறியோடு எரிய வைக்கும். அதனால்தான் ‘கேஸ் கட்டிங்’ செய்பவர்கள் ஆக்ஸிஜன் சிலிண்டர் வால்வில் எண்ணெய்க் கை படக்கூடாது என்று சொல்வார்கள். திருகு இறுகிக் கிடக்கிறதே என்று கொஞ்சம் கிரீஸ் தடவினால் அது தீயை அழைத்து வைத்த மாதிரி. புழுக்கமாக இருக்கிறது என்று ஆக்ஸிஜன் ஹோஸைத் திறந்து சட்டைக்குள் காற்று வாங்குவதும் அப்படித்தான். துணியில் ஆக்ஸிஜன் ஏறியிருந்தால் ஒரு தீப்பொறி போதும்.

நைட்ரஜன், ஆர்கான்: சத்தமே இல்லாதவர்கள்

2024 ஏப்ரலில் ‘ஸ்மோக் பிஸ்கட்’ ஞாபகம் இருக்கிறதா? கர்நாடகத்தின் தாவணகெரேயில் ஒரு சிறுவன் அதைச் சாப்பிட்டுத் துடித்த வீடியோ பரவியதும் தமிழ்நாட்டு உணவுப் பாதுகாப்புத் துறை எச்சரிக்கை விடுத்தது. வாயிலிருந்து வந்தது புகையே இல்லை. மைனஸ் 196 டிகிரியில் இருக்கும் திரவ நைட்ரஜன் காற்றிலிருக்கும் ஈரத்தை உறைய வைப்பதால் வரும் பனிமூட்டம் அது. திரவம் மிச்சமிருக்கும்போதே விழுங்கினால் வயிற்றுக்குள் ஏறக்குறைய 700 மடங்காக விரியும்.

தொழிற்சாலைகளில் நைட்ரஜனின் ஆபத்து வேறு மாதிரி. காற்றில் 78 சதவீதம் அதுதான். நிறம் இல்லை, வாசனை இல்லை, எரிச்சல் இல்லை. மூடிய அறையில் கசிந்தால் ஆக்ஸிஜனைச் சத்தமில்லாமல் வெளியே தள்ளிவிடும். மூச்சுத் திணறுகிற உணர்வுகூட வராது; ஏனென்றால் அந்த உணர்வை உடலுக்குத் தருவது கார்பன் டை ஆக்ஸைடு சேர்வதுதான், ஆக்ஸிஜன் குறைவது அல்ல. ஆள் அப்படியே சாய்ந்துவிடுவார்.

2021 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு கோழி இறைச்சி ஆலையில் திரவ நைட்ரஜன் கசிந்து 6 பேர் இறந்தார்கள். என்ன ஆச்சு என்று பார்க்கவும் காப்பாற்றவும் மற்ற தொழிலாளர்கள் அந்த அறைப் பக்கம் போனார்கள் என்று அந்நாட்டு விசாரணை சொன்னது. செப்டிக் டேங்க் மரணங்களில் தமிழகம் திரும்பத் திரும்பப் பார்க்கும் அதே வரிசை: ஒருவர் விழுவார், தூக்கப் போனவரும் விழுவார்.

வெல்டிங்கில் பயன்படும் ஆர்கானும் இதே ரகம். கூடவே காற்றைவிடச் சுமார் 1.4 மடங்கு கனம். பெரிய தொட்டிக்குள் இறங்கி வெல்டிங் செய்யும்போது அது அடியில் தேங்கும். இதற்கு நேர்மாறு ஹைட்ரஜன். காற்றைவிட 14 மடங்கு லேசு, மேலே போய்க் கூரைக்கடியில் சேரும், அதன் தீ பகலில் கண்ணுக்கே தெரியாது. வீட்டு இன்வர்ட்டர் பேட்டரி சார்ஜ் ஆகும்போதும் கொஞ்சம் ஹைட்ரஜன் வரும். பேட்டரியைக் காற்றோட்டமான இடத்தில் வைக்கச் சொல்வது அதனால்தான்.

திடம் என்றால் பயமில்லையா?

வாயு பறக்கும், திடம் வைத்த இடத்தில் இருக்கும். அதனால் திடமான அலோகம் பாதுகாப்பானது என்று தோன்றும். பாதிதான் உண்மை.

கந்தகத்தை எடுத்துக்கொள்ளலாம். இந்திய சர்க்கரை ஆலைகளில் பெரும்பாலானவை கந்தகத்தை எரித்து, வரும் கந்தக டை ஆக்ஸைடு வாயுவால்தான் கரும்புச் சாற்றை வெளுக்கின்றன. வெள்ளைச் சர்க்கரையின் வெள்ளைக்குப் பின்னால் ஒரு மஞ்சள் அலோகம். தேர்வாய் கண்டிகையில் மிஷெலின் டயர் ஆலை இருக்கிறது. ரப்பர் டயராக உறுதிப்படுவது கந்தகம் சேர்த்துச் சூடாக்குவதால்; கறுப்பாவது ‘கார்பன் பிளாக்’ என்ற நுண்தூளால். இரண்டு திட அலோகங்களின் மேல்தான் ஊரே பைக் ஓட்டுகிறது.

மூட்டையில் இருக்கும் கந்தகம் சாது. தூளாகிக் காற்றில் பறந்தால் தீப்பொறிக்குக் காத்திருக்கும். எரிந்தால் வரும் நீலச்சுடர் வெயிலில் சரியாகத் தெரியாது. ஆனால் வாயு தொண்டையைப் பிடிக்கும். பாஸ்பரஸ் கதையோ இன்னும் சுவாரஸ்யம். தானாகத் தீப்பிடிக்கும் வெள்ளை பாஸ்பரஸை வைத்துத்தான் ஒரு காலத்தில் தீக்குச்சி செய்தார்கள். தொழிலாளர்களின் தாடை எலும்பே அழுகியது. இந்தியாவில் 1913-இல் அதற்குத் தடைச் சட்டம் வந்தது. இன்று தீப்பெட்டியின் பக்கவாட்டில் இருப்பது சிவப்பு பாஸ்பரஸ். அதே தனிமம், அதே திட நிலை, ஆனால் அணுக்கள் அடுக்கப்பட்ட விதம் வேறு. ஆக, ‘திடம்’ என்ற ஒற்றை வார்த்தையும் போதாது. எந்த வடிவம், எவ்வளவு பொடி, எவ்வளவு சூடு என்பதும் சேரணும்.

எண்ணூரில் அந்த இரவு

இதெல்லாம் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்பவர்கள் எண்ணூரை நினைத்துப் பார்க்கலாம். 2023 டிசம்பர் 26 நள்ளிரவை நெருங்கும் நேரம். பெரியகுப்பம் அருகே கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலையின் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்தது. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் கண் எரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் எழுந்து தெருவுக்கு ஓடிவந்தார்கள். 50-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள்.

அமோனியா தனிமம் அல்ல. நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த சேர்மம். வாசனையே இல்லாத இரண்டு வாயுக்கள் சேர்ந்து மூக்கைத் துளைக்கும் ஒன்றாக மாறியிருக்கின்றன. காற்றைவிட லேசானது என்பதால் பொதுவாக மேலே போய்விடும். ஆனால் குளிர்ந்த நிலையில் மொத்தமாக வெளியேறினால், ஈரக்காற்றோடு சேர்ந்து மூட்டமாகத் தரையை ஒட்டியே நகரலாம். தண்ணீரில் மிக நன்றாகக் கரையும் என்பதால் முகத்தை மூடும் ஈரத்துணி கொஞ்சம் கைகொடுக்கும்.

நள்ளிரவில் எழுந்து ஓடும் ஒரு தாய்க்கு இத்தனையும் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா? இல்லைதான். அந்த நேரத்தில் தெரியவேண்டியது இரண்டே விஷயம்: வந்திருப்பது என்ன, எந்தப் பக்கம் போகணும். அதை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டியவர்கள் வேறு ஆட்கள்.

சட்டம் ஏற்கெனவே சொல்லிவிட்டது

போபாலுக்குப் பிறகு இந்தியாவில் புதிய சட்டங்கள் வந்தன. அபாயகரமான ரசாயனங்களின் உற்பத்தி, சேமிப்பு, இறக்குமதி தொடர்பான 1989-ஆம் ஆண்டு விதிகளின்படி, பெரிய அளவில் அபாயகரமான ரசாயனம் வைத்திருக்கும் ஆலை இருக்கும் பகுதிக்கு, ஆலைக்கு வெளியே என்ன செய்வது என்ற அவசரத் திட்டம் இருக்கணும். ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒத்திகை நடக்கணும். விபத்தால் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கு, என்ன ஆபத்து, நடந்தால் என்ன செய்யணும் என்று முன்கூட்டியே தகவல் தரணும். 1996-இல் வந்த ரசாயன விபத்து விதிகள் மாவட்ட ஆட்சியர் தலைமையில் நெருக்கடிக் குழு அமைக்கச் சொல்கின்றன.

காகிதத்தில் இருக்கும் திட்டம் ஊர்க்காரருக்குப் புரியும் தமிழில், ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறதா? அதுதான் கேள்வி. தமிழகத்தில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அதில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். தண்ணீரைப் பற்றிப் பேசும் அந்த நாளில், தண்ணீரைச் சுத்தமாக்கும் குளோரினைப் பற்றியும் பத்து நிமிடம் பேசலாம். தீயணைப்புத் துறையிலிருந்து ஒருவர், ஊர்ப் பள்ளியின் அறிவியல் ஆசிரியர் ஒருவர் போதும். செலவு ஒரு மைக் செட்.

பள்ளியிலும் புதிய பாடம் தேவையில்லை. இருக்கும் அட்டவணையில் இரண்டு பத்திகளைச் சேர்த்தால் போதும். தனிமத்தின் பெயர், நிலை, நிறம் என்பதோடு ‘காற்றைவிடக் கனமா, லேசா?’ என்று ஒன்று. ‘எங்கள் ஊரில் எங்கே இருக்கிறது?’ என்று இன்னொன்று. கும்மிடிப்பூண்டிப் பிள்ளைகள் எழுதும் விடையும் திருவாலங்காட்டுப் பிள்ளைகள் எழுதும் விடையும் வேறு வேறாக இருக்கும். அப்படி இருப்பதுதான் நல்ல பாடம்.

‘மக்கள் பீதியடைவார்கள்’ என்ற வாதம்

இப்படிச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: “எதுக்குத் தேவையில்லாம ஜனங்களைப் பயமுறுத்தணும்? ஆலை வந்தாத்தானே வேலை?” இந்த வாதத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. குளோரின் இல்லாமல் சுத்தமான தண்ணீர் கஷ்டம், ஆக்ஸிஜன் இல்லாமல் ஆஸ்பத்திரி இல்லை, கந்தகம் இல்லாமல் டயர் இல்லை. சிப்காட்டை நம்பி ஆயிரக்கணக்கான வீடுகளில் அடுப்பெரிகிறது. ஆலையே வேண்டாம் என்பதல்ல இங்கே கோரிக்கை.

ஆனால் பீதி எப்போது வரும்? தெரியாதபோதுதான் வரும். வீட்டுச் சமையல் எரிவாயு சிலிண்டரைப் பாருங்கள். வாசனை வந்தால் ஸ்விட்ச் போடாதே, ஜன்னலைத் திற, ரெகுலேட்டரை மூடு என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அதனால் யாரும் சமையல் எரிவாயு வேண்டாம் என்று விறகடுப்புக்குத் திரும்பிவிடவில்லை. ஆபத்தைச் சொல்லிக்கொடுத்துத்தான் அந்தச் சிலிண்டர் சமையலறைக்குள் வந்தது. சமையலறைக்குச் செய்ததை ஊருக்குச் செய்யக்கூடாதா?

லாரி பின்னால் இருக்கும் நாலு நம்பர்

அரசு செய்யும்வரை காத்திருக்காமல் யார் வேண்டுமானாலும் இன்றே கற்றுக்கொள்ளக்கூடிய சில விஷயங்கள் உண்டு.

அபாயகரமான ரசாயனம் ஏற்றிப்போகும் டேங்கரில் ஒரு தகவல் பலகை இருக்கும். அதில் நான்கு இலக்க எண் ஒன்று உண்டு. உலகம் முழுக்க ஒரே எண். 1017 என்றால் குளோரின். 1073 திரவ ஆக்ஸிஜன். 1977 திரவ நைட்ரஜன். 1951 திரவ ஆர்கான். 1744 புரோமின். 2448 உருகிய கந்தகம். 1005 அமோனியா. விபத்தைப் பார்த்தால் பக்கத்தில் போய் வீடியோ எடுக்காமல், தூரத்தில் நின்று தெரிகிற அந்த எண்ணை 112-க்கோ 101-க்கோ சொன்னால், வருகிற தீயணைப்பு வீரர்களுக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

சிலிண்டருக்கும் நிறம் உண்டு. இந்தியத் தர நிர்ணயப்படி ஆக்ஸிஜன் கறுப்பு (மருத்துவ ஆக்ஸிஜனுக்குக் கழுத்து வெள்ளை), நைட்ரஜன் சாம்பல், ஆர்கான் நீலம், ஹைட்ரஜன் சிவப்பு, குளோரின் மஞ்சள். பழைய இரும்புக் கடையில் மங்கிய மஞ்சள் சிலிண்டர் கிடந்தால் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு 101-ஐ அழைக்கணும்.

கசிவு என்றால் முதலில் பார்க்க வேண்டியது காற்றின் திசை. கோயில் கொடி, மரக்கிளை, அடுப்புப் புகை எது காட்டினாலும் சரி. வாயு போகும் திசையிலேயே ஓடக்கூடாது. குறுக்கே விலகி ஓடணும். குளோரின் என்றால் மேட்டை நோக்கி, இல்லையென்றால் மாடியை நோக்கி. கிணற்று ஓரம், பள்ளம், கால்வாய் வேண்டாம். கசியும் குளோரின் சிலிண்டர் மேலேயே தண்ணீர் அடிக்கவும் கூடாது. ஈரத்தோடு சேர்ந்தால் அது உலோகத்தை இன்னும் வேகமாக அரித்து ஓட்டையைப் பெரிதாக்கும். மூடிய தொட்டிக்குள் யாராவது மயங்கிக் கிடந்தால், சுவாசக் கருவி இல்லாமல் உள்ளே இறங்கவே கூடாது. கேட்பதற்குக் கல்நெஞ்சமாகத் தெரியலாம். இரண்டாவது சாவைத் தடுக்க அது ஒன்றுதான் வழி.

‘அறை வெப்பநிலையில் குளோரின் ஒரு வாயு’ என்ற வரியை இந்த மாவட்டத்தில் ஆண்டுதோறும் எத்தனையோ பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். அந்த வரிக்குப் பக்கத்தில் ‘கனமானது, அதனால் மேட்டுக்குப் போ’ என்று இன்னொரு வரியைச் சேர்க்கப் பாடநூல் கழகத்துக்குப் பெரிய செலவு ஆகாது. அதையே ஒரு தாளில் அச்சடித்து ஊராட்சிச் சுவரில் ஒட்ட மாவட்ட நிர்வாகத்துக்கும் ஆகாது. அடுத்த கசிவு எந்த ஊரில், எந்த இரவில் என்று யாராலும் சொல்ல முடியாது. எந்தப் பக்கம் ஓடணும் என்பதை மட்டும் இப்போதே சொல்லிவைக்க முடியும்.